அரங்கில் ஏறாத தாராவி

புகார் நகரம் இன்று இல்லை. அதனைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறுகின்றது. ஆயினும், அந்நகரின் மருவூர்ப்பாக்கத்தில் எவரெவர் வாழ்ந்தனர் என்று வினவினால், தமிழ் கற்ற மாணவன் இன்றும் தயங்காது விடை கூறுவான். மீன் விற்றோர், உப்பு விற்றோர், பிட்டும் அப்பமும் விற்றோர், செம்பு கொட்டினோர், இரும்பு அடித்தோர், துணி தைத்தோர், தோல் தைத்தோர் என ஒருவரையும் விடாது இளங்கோவடிகள் நம் கண்முன் நிறுத்திச் சென்றிருக்கின்றார். கண்ணகியின் வரலாற்றைக் கூறப் புகுந்த துறவிக்குத் தோல் தைப்பவரிடம் என்ன வேலை? ஊர் என்பது அவ்வூரில் உழைத்து வாழும் மக்களே என்பதை அப்பெருமகனார் அறிந்திருந்தார். அதனாலன்றோ கடல் கொண்ட ஊரும் நம் நெஞ்சில் கரையாது நிற்கின்றது!

மும்பைத் தமிழர்க்கும் ஒரு மருவூர்ப்பாக்கம் உண்டு. அதன் பெயர் தாராவி. அதனைக் கடல் கொள்ளவில்லை. ஒப்பந்தப் பத்திரமும் இடிக்கும் எந்திரமும் கொள்ளப் புறப்பட்டிருக்கின்றன. இந்நேரத்தில் மும்பையிலும் நவி மும்பையிலும் உள்ள நம் தமிழ் மன்றங்களின் மேடைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? இம்மலரில் நாம் எழுப்ப விரும்பும் வினா இதுவே. மலரில் கசப்பு எதற்கு என்று அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். வேப்பம்பூவும் மலர்தான், புத்தாண்டு நாளில் அதனை நாம் விரும்பியே உண்கின்றோம்.

வந்த வழி

ஐரோலியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் தமிழ்நாட்டிலிருந்து நேரே இங்கு வந்து இறங்கியவை அல்ல. பாட்டனார் காலத்தில் தாராவி, தந்தையார் காலத்தில் மாட்டுங்காவோ செம்பூரோ, நம் காலத்தில் ஐரோலி என்பதே நம்மிற் பலருடைய வழித்தடம். 1999இல் ஐரோலிப் பாலமும் 2004இல் தாணே–வாஷி ரயில் பாதையும் திறக்கப்பட்ட பின்னர் அவ்வழி இன்னும் எளிதாயிற்று. வழி எளிதானவுடன் புறப்பட்ட இடத்தை மறப்பதும் எளிதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையினர் தாராவிக்கு வரத் தொடங்கினர். கோலி மீனவர் வாழ்ந்த கழிமுகக் கரை அது. நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாத தோல் பதனிடும் தொழிலை அந்தச் சதுப்பு நிலத்திற்குத் தள்ளியது. அத்தொழிலோடு நம்மவரும் அங்குச் சென்றனர். ஆதிதிராவிடர், நாடார், தமிழ் முஸ்லிம்கள் எனப் பல திறத்தாரும் அங்கு அடுத்தடுத்துக் குடியேறினர். குஜராத்திலிருந்து வந்த குயவர் கும்பர்வாடாவில் சூளை வைத்தனர். 1971இல் பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் தேவ்னாருக்கு மாற்றப்பட்டபின் பச்சைத்தோல் வரத்துக் குறைந்தது. தோல் பதனிடும் தொழிலும் நலிந்தது. அதன்பின் தோற்பை தைப்போரும், ஆயத்த ஆடை தைப்போரும், பழம்பொருள் பிரிப்போரும் பெருகினர். விடியுமுன் இட்டிலி அவித்துக் கொடுத்த நம் தாய்மாரையும், அதனை மிதிவண்டியில் வைத்து ஊதுகுழல் ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்ற நம் சகோதரரையும் இந்நகரில் அறியாதார் யார்?

சதுப்பு தரையானது எவ்வாறு? அரசு கொட்டிய மண்ணால் மட்டும் அன்று. குடியிருந்தோரே குப்பையும் கல்லும் மண்ணும் சுமந்து கொட்டி, மழைக்கு மழை உயர்த்தி, கால் ஊன்றத்தக்க நிலமாக அதனை ஆக்கினர். அந்நிலத்தின் இன்றைய மதிப்பில் அவ்வுழைப்பும் கலந்திருக்கின்றது. இதனை எழுதி வைத்த பத்திரப் பதிவு ஏதும் இல்லை. ஆதலின் அது நினைவில் மட்டுமே வாழ்கின்றது. நினைவுடையோர் மறைந்தால் அதுவும் மறையும்.

இன்று நிகழ்வது

தாராவியை மறுகட்டுமானம் செய்யும் திட்டம் 2004 முதல் பல வடிவங்களில் பேசப்பட்டு வந்தது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்புத் தொகையுடன் அதானி நிறுவனம் ஒப்பந்தப் போட்டியில் முந்தியது. 2023இல் திட்டம் அந்நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. 2000 ஜனவரி 1க்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இல்லம் விலையின்றிக் கிடைக்கும் என்பது விதி. அதன்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தோர்க்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி இல்லம், அதுவும் தாராவிக்கு வெளியே. மேல்தளத்தில் வாழ்வோர்க்கு வெளியிடத்தில் வாடகை வழி வீடு. இவ்வெளியிடங்களுக்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பளங்களில் ஏறத்தாழ 256 ஏக்கர் நிலத்திற்கு 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தின் ஒரு பகுதியும் இதற்கென ஒதுக்கப்பட்டது.

நாம் வீடுகளுக்கு எதிரிகள் அல்லோம். பொதுக் கழிப்பிடத்தின் முன் விடியற்காலையில் வரிசையில் நின்ற எவரும் குடிசையின் பெருமை பாட மாட்டார். மழைக்காலத்தில் கட்டிலின்மேல் பிள்ளைகளை ஏற்றிவைத்து இரவு முழுதும் நீர் இறைத்த தாய்க்குச் சுவரும் கூரையும் வேண்டும். தனிக் கழிப்பறை வேண்டும். ஆயின் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. அண்ணன் தரைத்தளத்திலும் தம்பி மேல்தளத்திலும் வாழும் ஒரே குடும்பத்தில், ஏணிப்படியின் பன்னிரண்டு கட்டைகள் உறவை இரண்டாகப் பிரித்து, ஒருவனைத் தாராவியிலும் மற்றவனை உப்பளத்திலும் வைக்குமாயின், அவ்விருவரும் அன்றிரவு என்ன பேசிக்கொள்வர்? கணக்கெடுப்புப் படிவத்தில் இதற்கு இடமில்லை. செய்தித்தாளுக்கும் இது எட்டாது. இது நாடகத்தின் எல்லைக்குட்பட்டது. அந்நாடகம் எங்கே?

நம் மேடை

நம் மன்றங்களின் ஆண்டு விழாக்களை எண்ணிப் பார்ப்போம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சிறுமியர் பரதம், திரைப்பாடல் நடனம், பட்டிமன்றம், சென்னையிலிருந்து அழைத்து வந்த நகைச்சுவை நாடகம், பொன்னாடை, சாப்பாடு. அந்நாடகத்தின் குடும்பம் மயிலாப்பூரில் வாழும். அதன் வீட்டுக்காரர் மாம்பலத்தில் இருப்பார். மும்பையில் மூன்று தலைமுறை வாழ்ந்த நாம், நாம் ஒருநாளும் குடியிராத தெருவின் சிக்கல்களுக்குச் சிரித்துவிட்டு வீடு திரும்புகின்றோம்.

அண்மையில் ஒரு மன்றத்தின் விழாக் குழுக் கூட்டத்தில் நாம் இருந்தோம். மன்றத்தின் பெயர் வேண்டா. தாராவியைப் பற்றி ஒரு நாடகம் போடலாம் என்று ஓர் இளைஞர் முன்மொழிந்தார். முதியவர் ஒருவர் புன்னகையோடு, “தம்பி, அந்தக் குடிசையிலேர்ந்து வெளியே வரத்தானே இம்புட்டுப் பாடுபட்டோம்? மறுபடியும் அதையே மேடையில கொண்டாந்து வைக்கணுமா?” என்றார். “அண்ணாச்சி, நீங்க பட்ட பாடு எங்க பிள்ளைகளுக்குத் தெரியாதே” என்றார் இளைஞர். மறுமொழி கூறுவார் எவரும் இலர். குழு அடுத்த பொருளுக்குச் சென்றது. விருந்தில் இனிப்பு ஒன்றா, இரண்டா என்பதே அப்பொருள்.

நாம் சொல்லாத கதையைப் பிறர் சொல்லாமல் விடுவதில்லை. 1987இல் ‘நாயகன்’ வந்தது. 2018இல் ‘காலா’ வந்தது. இரண்டிற்கும் தாராவியைச் சென்னையில் அரங்கப்பொருளாக அமைத்தனர். அவை சிறந்த படங்களா, அல்லவா என்பது வேறு வழக்கு. தாராவி என்றவுடன் நம் பேரப்பிள்ளைகளின் கண்முன் ஒரு நாயகனின் முகம் தோன்றுகின்றதே அன்றித் தம் பாட்டியின் முகம் தோன்றவில்லையே, அதுவே நம் கவலை. உரைநடையில் இக்குறை ஓரளவு தீர்ந்தது. இந்நகரில் பல்லாண்டு பணியாற்றிய நாஞ்சில் நாடன், வேலை தேடி வந்த இளைஞனின் மும்பையை ‘மிதவை’ புதினத்தில் எழுதினார். மேடையோ இன்னும் மயிலாப்பூரிலேயே நிற்கின்றது.

கடல் கடந்து ஒரு பாடம்

இவ்வகையில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நாடகம் நமக்கு ஆசான் எனத் தகும். தென்மாநிலங்களின் கொடுமைக்கு அஞ்சி வடபுலத்து நகரங்களுக்குப் பிழைக்க வந்த மக்கள் அவர்கள். அங்கும் நெருக்கடியான தெருக்களுக்குள் ஒதுக்கப்பட்டவர்கள். லொரெய்ன் ஹான்ஸ்பெரி என்னும் இளம்பெண் எழுதிய ‘எ ரெய்சின் இன் த சன்’ 1959 மார்ச்சில் நியூயார்க் பிராட்வே அரங்கேறியது. அவ்வரங்கில் ஏறிய, கறுப்பினப் பெண்ணொருவர் எழுதிய முதல் நாடகம் அதுவே. சிகாகோவின் தென்பகுதியில் நெருக்கடியான வீட்டில் வாழும் ஒரு குடும்பம். இறந்த தந்தையின் காப்பீட்டுப் பணம் பத்தாயிரம் டாலர். அதில் ஒரு பகுதியைக் கொண்டு தாய் வெள்ளையர் குடியிருப்பில் ஒரு வீட்டிற்கு முன்பணம் கட்டுகின்றாள். உடனே அக்குடியிருப்புச் சங்கத்தின் சார்பில் லிண்ட்னர் என்பவர் வருகின்றார். அவர் கத்தவில்லை, வசைபாடவில்லை. மிகப் பணிவாக, ‘நீங்கள் வாராதிருந்தால் பணம் தருகின்றோம்’ என்னும் கருத்தைப் பேசுகின்றார். ஆசிரியையின் தந்தையாரே அத்தகைய வீடு வாங்கி, வழக்காடி, 1940இல் நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றவர். தம் வீட்டு வடுவையே அவர் மேடையில் காட்டினார்.

அடுத்து ஆகஸ்ட் வில்சன். பிட்ஸ்பர்க் நகரின் ஹில் பகுதியில் 1945இல் பிறந்தவர். அப்பகுதியின் கீழ்ப்பாகத்தை 1956 முதல் நகரச் சீரமைப்பு என்னும் பெயரால் இடித்தனர்; எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அகற்றப்பட்டனர்; அவ்விடத்தில் 1961இல் மாபெரும் வட்ட அரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. வில்சன் இருபதாம் நூற்றாண்டின் பத்தாண்டு ஒவ்வொன்றிற்கும் ஒரு நாடகமாகப் பத்து நாடகங்கள் எழுதினார்; அவற்றுள் ஒன்பது அந்த ஹில் பகுதியிலேயே நிகழ்கின்றன. ‘ஜிட்னி’ நாடகத்தில் இடிபடவிருக்கும் ஒரு வாடகைக்கார் நிலையம். ‘டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்’ நாடகத்தில் நகராட்சி விலை பேசும் ஓர் உணவுக்கடை. உரிய விலை தந்தாலன்றிக் கொடேன் என்று நிற்கும் அதன் உடைமையாளர். ‘ரேடியோ கோல்ஃப்’ நாடகத்திலோ இடிக்க வருபவரே கறுப்பினத்தார். படித்தவர், செல்வர், நகரத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர். தன் இனத்து மேல்தட்டாரையும் வில்சன் விட்டுவைக்கவில்லை.

இவ்விறுதி இரண்டும் முதன்முதலில் அரங்கேறிய இடம் யாது? யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அரங்கு. ஆண்டுகள் 1990, 2005. அன்று முதல் அந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் இத்தகைய நாடகங்களை நடித்து வருகின்றனர். தன் தெரு இடிந்த கதையைக் கல்விக்கூடம் வரை கொண்டு சென்றது அச்சமுதாயம். நாமோ தெருவிலிருந்து கல்விக்கூடம் வரை சென்ற பிள்ளைகளிடம் தெருவின் பெயரையே மறைக்கின்றோம்.

கடல் கடப்பானேன் என்பார்க்கு இந்நகரிலேயே சான்று உண்டு. 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர்; அவர்களுள் பலர் வாழ்விழந்தனர். அதனை இந்நகர மேடை மறக்கவில்லை. ஜெயந்த் பவார் ‘அதாந்தர்’ எழுதினார். பின்னர் அது திரைப்படமும் ஆயிற்று. ராமு ராமநாதன் எழுத, சுனில் ஷான்பாக் இயக்க, 2006இல் ‘காட்டன் 56, பாலியஸ்டர் 84’ மேடை ஏறியது. ஆலைகள் நின்ற இடத்தில் இன்று அங்காடி மாளிகைகள். ஆயினும் லால்பாக்கிலும் பரேலிலும் வாழ்ந்த அத்தொழிலாளர் குடும்பம் எப்படிப் பேசியது, எப்படிச் சினந்தது, எப்படிச் சிதைந்தது என்பது மேடையில் நிலைத்துவிட்டது.

மறுப்புகளும் விடைகளும்

விழா மகிழ்ச்சிக்கு, அங்கு அழுகை ஏன் என்பது முதல் மறுப்பு. கோமல் சுவாமிநாதன் 1980இல் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தைச் சபா மேடையில் ஏற்றினார். நீரின்றித் தவித்த ஒரு சிற்றூரின் கதையைப் பார்க்க மக்கள் திரண்டனர். தன் துன்பத்தை மேடையில் கண்ட மனிதன் சிறுமைப்படுவதில்லை. தனியனல்லன் என்று தேறுகின்றான். மேலும், தாராவியில் அழுகை மட்டுமா இருந்தது? குழாயடிச் சண்டையில் பிறந்த சொற்களைக் கொண்டு மூன்று நகைச்சுவை நாடகம் எழுதலாம்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வாராது என்பது இரண்டாம் மறுப்பு. வாராதது மேடைத் தமிழ். பாட்டியிடம் நெல்லைத் தமிழும், நண்பரிடம் இந்தியும், கடையில் மராத்தியும் பேசும் பிள்ளை நாடகத்திலும் அவ்வாறே பேசட்டும். தாராவி பேசிய மொழி அதுவே.

எழுதுவார் இல்லை என்பது மூன்றாவது. 1990இல் தீக்கிரையான சண்முகானந்தா அரங்கினை 1998இல் மீண்டும் எழுப்பிக் காட்டியது இந்நகரத்துத் தென்னிந்தியர் சமுதாயம். கல்லும் மரமும் திரட்டத் தெரிந்த நமக்குச் சொல் திரட்டத் தெரியாதா?

உண்மைக் காரணம் இம்மூன்றும் அன்று, கூச்சம். ‘எங்கே பிறந்தீர்கள்?’ என்றால் ‘சயான் பக்கம்’ என்போம். திருமணப் பேச்சில் பழைய முகவரி எழுதுவதில்லை. இக்கூச்சத்தின் அடியில் சாதியும் இருக்கின்றது. மாட்டுங்காத் தமிழர் ஒரு மேடை, செம்பூர்த் தமிழர் ஒரு மேடை, தாராவித் தமிழர் ஒரு மேடை என ஒரே மொழியை மூன்று நாற்காலி வரிசைகளாகப் பிரித்து அமர்ந்தோம். தோல் தைத்தவரைக் காப்பியத்தில் படித்தால் இலக்கியம். அவர் பெயரன் நம் மன்றத்தில் எழுந்து தன் பாட்டனாரைப் பற்றிப் பேசினால் சங்கடம். இளங்கோவடிகளின் படத்திற்கு மாலை இடும் கைகளுக்கு இது அழகா?

பாலத்தின் இருகரை

இனி நம் வாயிலுக்கே வருவோம். முலுண்ட் உப்பளங்கள் எங்கே உள்ளன? நம் ஐரோலிப் பாலத்தைக் கடந்தால் மறுகரை. தாராவியில் ‘தகுதியற்றோர்’ என முத்திரையிடப்பட்டோர் அங்குக் குடியமர்த்தப்படுவாராயின், அவர்கள் நமக்கு அயலார் ஆவர். அவர்களை இங்குக் கொண்டு வராதீர் என்று முலுண்டில் ஏற்கெனவே எதிர்ப்புக் குரல் எழுந்துவிட்டது. குடிநீர், சாலை, வடிகால், உப்பளச் சூழல் பற்றிய கவலைகள் நியாயமானவையே. அவற்றை அரசிடம் கேட்க வேண்டும். ஆயின், ‘அந்த மாதிரி ஆட்கள் வந்தால் நம் பகுதி என்னாவது?’ என்று நம் வீட்டு வரவேற்பறையில் தமிழிலேயே ஒலிக்கும் குரலை நாம் செவியுற்றிருக்கின்றோம். அது லிண்ட்னரின் குரல். அந்தப் பணிவும் அதுவே. தாராவியிலிருந்து வந்தவரின் மகனே தாராவியிலிருந்து வருவோரைக் கண்டு முகம் திருப்புகின்றான். இதைவிடப் பெரிய நாடகம் வேறென்ன வேண்டும்?

நாம் நிற்கும் இந்நிலமும் வெறுநிலமாகக் கிடந்ததன்று. 1970இல் சிட்கோ அமைந்து புதுநகரம் எழுவதற்கு ஆக்ரி, கோலி மக்களின் வயலும் உப்பளமும் கையகப்படுத்தப்பட்டன. உரிய ஈடு கேட்டு எழுந்த போராட்டத்தில் 1984 ஜனவரியில் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். அவர்கள் இழந்த நிலத்தின்மேல் எழுந்த அடுக்குமாடியில் அமர்ந்து, இனி ஒருவரும் வரலாகாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆகவே நம் மன்றத்தாரிடம் நாம் கேட்பது இது. அடுத்த ஆண்டு விழாவில் வெளியூர்க் குழுவின் நாடகத்திற்கு ஒதுக்கும் பொருளையும் நேரத்தையும் தாராவி நாடகத்திற்கு ஒதுக்குக. நம் இளைஞர்கள் விடுமுறை நாள்களில் தொண்ணூறு அடிச் சாலைக்கும் கும்பர்வாடாவுக்கும் சென்று, முதியோர் கூறுவனவற்றை அவர்கள் சொல்லிலேயே எழுதி வருக. தாராவியில் இன்றும் வாழும் இளைஞர்கள் இணையாசிரியர்களாகவும் நடிகர்களாகவும் இருக்கட்டும். நாம் அவர்களுக்காகப் பேசும் பெருமையைத் தேட வேண்டா. நாயகன் ஒருவன் வந்து காப்பாற்றும் முடிவு வேண்டா. நாடகம் முதலில் தாராவியில் நடக்கட்டும். அவர்கள் திருத்தியபின் ஐரோலிக்கு வரட்டும். அன்று முதல் வரிசையை முக்கியப் பிரமுகர்களுக்கு விடாமல், அப்பாட்டிமாருக்கு விடுக.

அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல் என்று அரங்கேற்று காதையில் அளந்து வைத்தார் இளங்கோ. அவ்வளவு இடம் நமக்கும் போதும். தரைத்தளத்து அண்ணனும் மேல்தளத்துத் தம்பியும், இடையில் ஓர் ஏணியும் நிற்க அதற்குமேல் இடம் வேண்டியதில்லை. அந்த ஏணி இன்னும் தாராவியில் நிற்கின்றது. அது அகற்றப்படுமுன் நாம் அதனைப் போய்ப் பார்த்து வருவோம்.